பத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டின் வரவு செலவு: கேள்வி பதில்

அமெரிக்காவின் அமிஷ் மக்கள், வட அமெரிக்க ஹட்டரைட்டுகள், இஸ்ரேலின் ஹரேதி யூதர்கள் ஆகியோரின் பெரிய குடும்பங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் இருவரும் எளிய வாழ்வைப் பேணும் கிறிஸ்தவப் பிரிவினர்; ஹரேதிகள் மத விதிகளை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் யூதர்கள். பாதிக் கேள்விகள் பணத்தைப் பற்றியவை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: அம்மா, இரண்டு பிள்ளைகளை வளர்க்கவே நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இவர்களிடம் பணம் எங்கிருந்து வருகிறது?

மூன்று சமூகங்களுக்கும் மூன்று வழிகள். அமிஷ் வீட்டில் செலவின் அமைப்பே வேறு. சொந்தக் கார் கிடையாது. துணியை வீட்டிலேயே தைப்பார்கள். அண்ணன் சட்டை தம்பிக்கு இறங்கும். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடியும். அதற்குமேல் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1972இல் விஸ்கான்சின் எதிர் யோடர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் பையன் பண்ணைக்கோ தச்சுப் பட்டறைக்கோ போகிறான். பல குடும்பங்களில் 21 வயதுவரை அவன் சம்பளத்தின் பெரும்பகுதி பெற்றோரிடமே சேர்கிறது. அதனால் எட்டாவது பிள்ளை பிறக்கும்போது வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் கூடியிருப்பார்கள். அந்தக் குடும்பத்தை நெருக்குவது முதல் பத்தாண்டுகள்தான்: எல்லோரும் சின்னஞ்சிறுசுகள், உழைக்க இரண்டே பேர். அந்தக் காலத்தைக் கடத்திவிடுவது தாத்தா பாட்டியும் சபையும். மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் எடுப்பதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டணம் பெரிதானால் சபையார் பணம் திரட்டிக் கட்டுகிறார்கள்.

ஹரேதி வீட்டில் நிலைமை தலைகீழ். ஆண்களில் பலர் திருமணத்துக்குப் பிறகும் கோலெல் எனப்படும் சமயக் கல்விக்கூடத்தில் சிறு உதவித்தொகையில் படிக்கிறார்கள். குடும்பத்தைத் தாங்குகிறவள் மனைவி. ஹரேதிப் பெண்களில் ஐந்தில் நால்வர் வேலைக்குப் போகிறார்கள். ஆண்களில் பாதியைவிடச் சற்றே அதிகம். இதோடு அரசின் குழந்தை உதவித்தொகை, குழந்தைக் காப்பக மானியம், வெளிநாட்டு நன்கொடையில் நடக்கும் கல்விக்கூடங்கள். இத்தனையும் இருந்தும் அங்கே வறுமை கடுமை. அதை மறைத்துவிட்டு அந்த வாழ்வைப் புகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஹட்டரைட்டுகளுக்குத் தனிச் சொத்தே கிடையாது. நிலம், இயந்திரம், சமையல் எல்லாம் குடியிருப்புக்குப் பொது. துணிகூடத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிடப்படுகிறது. இன்னொரு பிள்ளைக்குக் கட்டுப்படியாகுமா என்று ஒரு தகப்பன் தனியாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் தேவை அங்கே எழுவதில்லை.

கேள்வி: கெமாக் என்று ஒரு வட்டியில்லாக் கடன் முறை இருப்பதாகப் படித்தேன். அது எப்படி நடக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தைத் தொட்டுவிட்டீர்கள். யூதர்களின் வேதமான தோரா சக யூதனிடம் வட்டி வாங்குவதைத் தடுக்கிறது. அந்தத் தடையிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. ஒரு குடும்பமோ தொழுகைக்கூடமோ ஒரு தொகையை ஒதுக்கும், வேண்டியவர் வந்து கேட்பார், பிணை நிற்பவர்கள் கையெழுத்திடுவார்கள், தவணையில் திரும்பி வரும், அடுத்தவருக்குப் போகும். பணத்தோடு நிற்பதும் இல்லை. தொட்டில், திருமண உடை, விருந்துக்கு மடக்கு நாற்காலி, நள்ளிரவில் காய்ச்சல் மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு இருக்கும். பெரும்பாலும் அந்த வீட்டின் ஓர் அலமாரிதான் கெமாக்.

ஜெருசலேமில் ஊரி லுப்போலியான்ஸ்கி என்பவர் தன் குழந்தைக்காக அண்டை வீட்டில் நீராவிக் கருவி ஒன்றை இரவல் வாங்கினார். இப்படி இரவல் தேவைப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்து, 1976இல் மருத்துவக் கருவிகளை இரவல் தரும் யாத் சாரா அமைப்பைத் தொடங்கினார். இன்று நாடு முழுதும் அதற்குக் கிளைகள் உண்டு. அவரே பிறகு அந்நகரின் மேயரும் ஆனார்.

இதன் நிழல் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் திருமணத்துக்கு வீடு வாங்க உதவுவது ஹரேதிப் பெற்றோரின் கடமையாகக் கருதப்படுகிறது. பத்துப் பிள்ளைகள் என்றால் பத்து முறை. ஒரு கெமாக்கில் வாங்கி இன்னொரு கெமாக்கை அடைத்து, அப்படியே சுழன்றுகொண்டிருக்கும் தகப்பன்மார் பலர்.

கேள்வி: மூத்த பெண்கள்தானே உண்மையில் இளையவர்களை வளர்க்கிறார்கள்? அது அநியாயம் இல்லையா?

பல வீடுகளில் அநியாயம்தான். பாத்திரம் கழுவுவதும் தம்பியைப் பள்ளிக்கு அழைத்துப்போவதும் பிள்ளைக்குப் பொறுப்பைக் கற்றுத்தரும். இரவில் அழும் கைக்குழந்தையைத் தூங்கவைக்கும் பொறுப்பு பன்னிரண்டு வயதுச் சிறுமியுடையதாகவே ஆகிவிட்டால், அவள் குழந்தைப் பருவம் கடனாக எடுக்கப்படுகிறது. அந்தக் கடனை யாரும் திருப்பித் தருவதில்லை.

இதற்கு மாற்று வழிகளும் இச்சமூகங்களுக்குள்ளேயே உண்டு. அமிஷ் வீட்டில் குழந்தை பிறந்தால், உறவிலிருந்தோ அக்கம்பக்கத்திலிருந்தோ பதின்வயதுப் பெண் ஒருத்தி சில வாரங்கள் வந்து தங்கி வேலை பார்ப்பாள்; அவளுக்குக் கூலி உண்டு. ஹட்டரைட்டுகளிடம் மூன்று வயதையொட்டியே குழந்தைகள் பகலில் பொதுக் காப்பகத்துக்குப் போய்விடுகிறார்கள்; அங்கே அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் வயதுவந்த பெண்கள்.

கேள்வி: ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகப் பேச நேரம் ஏது?

வார நாட்களில் குறைவுதான். ஹரேதி வீட்டில் அதை ஈடுகட்டுவது ஓய்வுநாள். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவுவரை தொலைபேசி, வண்டி, வியாபாரம் எதுவும் இல்லை. சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு பிள்ளையும் அந்த வாரம் படித்ததைச் சொல்ல, தகப்பன் கேட்கிறார். அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் குடும்பங்கள் இதற்காகவே திங்கட்கிழமை மாலையை ஒதுக்கிவைத்தன. நேரத்தை முன்கூட்டியே பூட்டிவைக்காவிட்டால் பெரிய வீட்டில் அமைதியான பிள்ளை காணாமல் போய்விடும்.

கேள்வி: தாயின் உடல்நிலை? நெருங்கிய சமூகத்துக்குள்ளேயே திருமணம் செய்வதால் பரம்பரை நோய்கள் வராதா?

வரும், வந்தன. தாய் தகப்பன் இருவரிடமும் மரபணுக் குறை இருந்தால் பிள்ளைக்கு வரக்கூடிய கொடிய நரம்பு நோய் டே-சாக்ஸ். அதில் நான்கு பிள்ளைகளை இழந்த ரப்பி (யூத மதகுரு) யோசெப் எக்ஸ்டைன் 1980களின் தொடக்கத்தில் டோர் யெஷோரிம் என்ற அமைப்பை நியூயார்க்கில் நிறுவினார். இளையோர் இரத்தம் கொடுத்து ஓர் எண்ணைப் பெறுவார்கள். வரன் பேசும்போது இரண்டு எண்களையும் சொன்னால் பொருந்துமா என்று மட்டும் பதில் வரும். யாருக்கும் முத்திரை குத்தப்படுவதில்லை. பரிசோதனைக்கு உட்பட்டவர்களிடையே அந்நோயோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய இல்லாமலே போனார்கள். அமிஷ் குழந்தைகளுக்காக 1989இல் பென்சில்வேனியாவில் டாக்டர் ஹோம்ஸ் மார்ட்டன் தொடங்கிய மருத்துவமனைக்கு, அவர்களே மரபுப்படி கூடி மரக்கட்டடம் எழுப்பிக் கொடுத்தார்கள்.

தாயைப் பொறுத்தவரை, இஸ்ரேலில் பிரசவித்தவர்கள் சில நாள் ஓய்வெடுக்கும் விடுதிகள் உண்டு. உடல்நலக் காரணத்துக்காகக் கருத்தடைக்கு ரப்பிகள் அனுமதி தருவதும் உண்டு. ஆனால் கேட்கத் துணிவு வர வேண்டும். அந்தத் துணிவு எல்லோருக்கும் இருப்பதில்லை.

கேள்வி: அரசு உதவியை நிறுத்தினால் பிள்ளைப்பேறு குறையுமா?

ஓரளவு. 2003இல் இஸ்ரேல் குழந்தை உதவித்தொகையை வெட்டத் தொடங்கியது. அதற்குமுன் ஐந்தாவது பிள்ளையிலிருந்து ஒவ்வொருவருக்கும் மாதம் 800 ஷெக்கலுக்கு (இஸ்ரேலிய நாணயம்) மேல் கிடைத்துவந்தது. அப்போது ஹரேதிப் பெண்களுக்குச் சராசரியாக ஏழுக்கு மேல் இருந்த பிள்ளைகள் இப்போது ஆறரையை ஒட்டி இருக்கிறார்கள். குறைந்தது உண்மை, சரியவில்லை என்பதும் உண்மை. ஹட்டரைட்டுகளைப் பாருங்கள்: 1950 வாக்கில் சராசரி பத்துக்கும் மேல், பொதுச் சொத்தும் பொதுச் சமையலும் அப்படியே இருக்க, இன்று அதில் பாதிகூட இல்லை. திருமண வயது தள்ளிப்போனது, கருத்தடை மெல்ல உள்ளே வந்தது.

கேள்வி: வளர்ந்த பிள்ளை வெளியேற விரும்பினால்?

பணம், வேலை, உறவு மூன்றும் ஒரே கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. கதவைத் தாண்டினால் மூன்றும் போய்விடும். கணக்கும் ஆங்கிலமும் சரியாகப் படிக்காத ஹரேதி இளைஞன் இருபது வயதில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இஸ்ரேலில் ஹில்லெல், நியூயார்க்கில் ஃபுட்ஸ்டெப்ஸ் ஆகிய அமைப்புகள் இத்தகையோருக்குக் கைகொடுக்கின்றன. பிள்ளைகளைப் பத்திரமாக வளர்த்த ஒரு சமூகம், வெளியேறுகிற பிள்ளைக்கு மட்டும் வெறுங்கையைக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: எங்களுக்கு மத ஈடுபாடு இல்லை, மூன்று பிள்ளைகள். நண்பர்களோடு சேர்ந்து ஒரு கெமாக் தொடங்கலாமா?

தாராளமாக. முதலில் பொருட்களோடு தொடங்குங்கள்: தொட்டில், தள்ளுவண்டி, பள்ளிப் பைகள். எது யாரிடம் இருக்கிறது என்று ஒருவர் மட்டும் எழுதிவைக்கட்டும். பணத்துக்கு வரும்போது சிறு தொகை, இரண்டு பிணை, எழுத்தில் தவணை. கடன் வாங்கியவர் பெயர் பணம் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரிய வேண்டும். இல்லையென்றால் மிகவும் தேவைப்படுகிறவர் கேட்கவே வரமாட்டார்.