முதலில் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை தொண்டு அமைப்பு ஒன்றுக்குப் பணம் அனுப்புகிறேன். ரசீது வருகிறது, அதோடு சரி. வறுமையில் இருக்கும் ஒருவருக்காவது நேரடியாக, என் கையால் ஏதாவது செய்ய ஆசை. யாரைத் தேடிப் போவது, எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை அம்மா.

பதில்: பணம் அனுப்புவதை நிறுத்திவிடாதீர்கள். அது வேண்டிய காரியம்தான். ஆனால் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. உங்கள் அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பவர், இரவில் காவலுக்கு இருப்பவர், வீட்டில் பாத்திரம் தேய்க்க வருபவர், இவர்களைத் தினமும் பார்க்கிறீர்கள். உங்களிடம் வேலை செய்பவர் யாராவது இருந்தால், அவருக்குச் சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். "நாளைக்கு வாங்கிக்கங்க" என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்த ஒரு நாளுக்காக அவர் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும்.

நான் 31 வருடம் தபால் அலுவலக கவுன்டரில் உட்கார்ந்தவள். கட்டட வேலை செய்யும் ஒருவர் மாதாமாதம் தன் தாயாருக்கு மணியார்டர் அனுப்ப வருவார். எழுதத் தெரியாது. படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். கீழே செய்தி எழுதும் இடத்தில் எப்போதும் ஒரே வரி: "நான் நலம், மருந்தை நிறுத்தாதே." ஒருநாள் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். தாயாருக்கு வந்த கடிதம். விதவை ஓய்வூதியம் தொடர்வதற்கு ஒரு சான்றிதழைக் குறிப்பிட்ட தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. தேதி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. எப்போது வந்தது என்று கேட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதாம். அதற்கு முந்தின முறை அவர் என் கவுன்டருக்கு வந்தபோதும் அந்தக் கடிதம் அவர் பையில்தான் இருந்திருக்கிறது. பின்னால் வரிசை நீளமாக நின்றதால் கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விட்டார்.

மறுபடி விண்ணப்பம் எழுதினோம். பணம் வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் வாங்கிய கடனை அடைக்க அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது. அவருக்குத் தேவையாக இருந்தது ஒருவரின் பத்து நிமிடம். அது என்னிடம் இருந்தது, நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து படிவம் எழுதிக் கொடுத்த எல்லாரிடமும், "வேற ஏதாவது படிச்சுச் சொல்லணுமா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். எத்தனை பைகளிலிருந்து எத்தனை காகிதங்கள் வெளியே வந்தன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"இவங்களுக்கு விவரம் பத்தாது" என்று சிலர் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். 2013-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கரும்பு விவசாயிகள் 464 பேருக்கு, அறுவடைக்கு முன்பு கையில் காசில்லாத நேரத்தில் ஒருமுறையும், அறுவடைப் பணம் வந்த பிறகு ஒருமுறையும், யோசிக்கும் திறனைச் சோதிக்கும் தேர்வுகள் வைத்தார்கள். அதே ஆட்கள்தான். பணம் வந்த பிறகு தெளிவாக நன்றாகச் செய்தார்கள். அறிவு கூடவில்லை, கவலை அடைத்துக்கொண்டிருந்த இடம் காலியானது, அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், ஒரு குடும்பத்தின் தலையிலிருந்து ஒரே ஒரு கவலையை முழுசாக இறக்கி வையுங்கள். ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ, ஒருவரின் மாதாந்திர மருந்தோ, ஏதாவது ஒன்று. பத்துப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பதைவிட, ஒருவருக்கு நடுவில் விடாமல் இரண்டு வருடம் செய்வது பலன் தரும்.

எந்தக் கவலையை என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அவரிடமே கேளுங்கள். நீங்கள் புதுத்துணி என்று நினைத்திருப்பீர்கள், அவருக்குச் சைக்கிள் டயர் தேவைப்படும்.

அப்புறம், கைமாற்று. வட்டியில்லாமல், நம்பிக்கையின் பேரில், சிறிய தொகை. 1976-ல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 42 பேருக்குக் கடன் கொடுத்தார். அத்தனை பேருக்கும் சேர்த்தே தேவைப்பட்டது 27 டாலர்தான். ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுக்கும் கிராமீன் வங்கிக்கு விதை அதுதான். நாம் வங்கி தொடங்க வேண்டாம். திரும்பி வராவிட்டாலும் நமக்குத் தாங்கும் என்கிற அளவுக்குக் கொடுத்தால் போதும். கொடுத்ததை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

கேள்வி: ஏழைகள் கையில் பணமாகக் கொடுத்தால் குடித்தே தீர்த்துவிடுவார்கள், பொருளாக வாங்கிக் கொடு என்கிறார் என் கணவர். சரிதானா?

பதில்: அவர் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்லியிருக்கலாம். குடிப்பவர்கள் எல்லா வகை வீடுகளிலும் இருக்கிறார்கள். ஆனால் இதைப் பல நாடுகளில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். உலக வங்கியின் ஆய்வாளர்கள் இருவர் 2014-ல் இப்படிப்பட்ட 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பணம் கையில் வந்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆன செலவு கூடியதாகக் காணோம். கென்யாவில் எந்த நிபந்தனையும் இல்லாமல் பணம் பெற்ற குடும்பங்களைப் பற்றிய ஆய்விலும் அப்படித்தான். சாப்பாட்டுச் செலவு கூடியிருந்தது, ஆடு மாடு போன்ற சொத்து சேர்ந்திருந்தது.

உங்கள் கணவர் பயப்படுகிற மாதிரி ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், அந்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுங்கள், அல்லது கட்டணத்தை நேராகக் கட்டிவிடுங்கள். எல்லாரையும் அந்த ஒரு ஆளாகப் பார்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். என்னிடம் பணமே இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

பதில்: பெரிய மருத்துவமனைக்குத் தனியாக வரும் முதியவர் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமலே அரை நாளைத் தொலைப்பார். தினக்கூலி வீட்டில் மகனோ மகளோ கூட வந்தால் அன்றைய கூலி போச்சு. தெரிந்த வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், மாதத்தில் ஒருநாள் கூடப் போங்கள். மருத்துவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், எந்த மாத்திரை எப்போது என்பதைப் படம் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: தச்சு வேலை செய்யும் ஒருவருக்கு அடிபட்டு வேலை இல்லாமல் இருந்தபோது ஆறு மாதம் உதவினேன். இப்போது வேலைக்குப் போகிறார். ஆனால் என்னைத் தெருவில் பார்த்தால் ஒதுங்கிப் போகிறார். மனசு வலிக்கிறது.

பதில்: வலிக்கத்தான் செய்யும். ஆனால் அது நன்றிகெட்டத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களைப் பார்க்கும்போதெல்லாம் திருப்பித் தர முடியாதது அவருக்கு ஞாபகம் வருகிறது என்றே நினைக்கிறேன். ஆறு மாதம் ஒருவரிடம் வாங்கியே இருந்தவர், கொடுக்கவும் ஒரு வழி கிடைக்காமல் தவிக்கிறார்.

உங்கள் வீட்டில் இறுக்கமாகிப்போன ஜன்னலோ, ஆடுகிற நாற்காலியோ கட்டாயம் இருக்கும். அவரைக் கூப்பிட்டு அனுப்புங்கள். எப்படிச் சரிசெய்யலாம் என்று அவரிடம் யோசனை கேளுங்கள், சொன்னபடி செய்யவிடுங்கள். வேலை முடிந்ததும் முழுக் கூலியைக் கையில் கொடுங்கள். வேண்டாம் என்பார். கட்டாயப்படுத்திக் கொடுங்கள். அவர் போகும்போது பழைய ஆறு மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள்.