மேளகாரற்ற கடை

கேள்வி: “இசைக்கலைஞர்கள் வழக்கமாகக் கூடுகிற சாப்பாட்டுக்கடை ஏதாவது உங்கள் ஊரில் உண்டா? அதன் கதை என்ன?”

உண்டு. முல்லைத்தீவு மாவட்டம், தண்ணீரூற்று. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற றோட்டில் ஒட்டுசுட்டான் தாண்டி வரும் ஊர். என் மாமாவின் தேத்தண்ணிக் கடை அது. பெயர்ப்பலகை ஒருநாளும் இருந்ததில்லை. ஊரில் ‘மேளகாரற்ற கடை’, அதாவது மேளகாரருடைய கடை, என்றால் குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். மாமாவுக்கோ கைத்தாளம்கூட ஒழுங்காகப் போட வராது.

அங்கே யாரும் வாசித்ததில்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். காத்திருந்தார்கள், சாப்பிட்டார்கள், சண்டை பிடித்தார்கள். கோயில்காரர் மேளம் பேச அங்கேதான் வருவார்கள். ஒரு பிளேன்ரீயும் உளுந்துவடையும் முடியிறதுக்குள்ளே கூலி பேசி முற்பணமும் கைமாறிவிடும்.

கடை களை கட்டுவது வைகாசியில். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முன் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புத்தண்ணியிலே விளக்கு எரிப்பார்கள். அந்தக் கிழமை முழுக்க மாமா அடுப்பை அணைக்கமாட்டார். நாதஸ்வரகாரர், தவில்காரர், உடுக்கடிக்கிறவர், கோவலன் கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் எல்லாருக்கும் இருக்கக் கடையில் இரண்டே இரண்டு வாங்குதான், நீளப் பெஞ்சுகள். பறைமேளக்காரர் அடுப்படிக்குப் பின்னால் நிற்பார்கள். தொய்ந்த தோலை அனலில் காட்டுவார்கள், விரலால் சுண்டுவார்கள், திரும்பவும் காட்டுவார்கள். ‘டப்’ என்று கிடந்த சத்தம் ‘டண்’ என்று வரும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டார்கள்.

அவர்கள் பின்னால் நின்றதற்கு அனல் மட்டும் காரணமில்லை. அம்மப்பா காலத்தில் அவர்களுக்கு வேறு கிளாஸ், வெளியே ஆணியில் தொங்கும். மாமாவும் தொடக்கத்தில் அதை மாற்றவில்லை. அவர் நல்ல மனுசன்தான், ஆனால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் இடம்பெயர்ந்த பிறகு அந்தப் பக்கத்துச் சனம் அள்ளுகொள்ளையாக எங்கள் வன்னிப் பக்கம் வந்தது. அளவெட்டி, இணுவில் பக்கத்து மேளகாரரும் வந்தார்கள். கடையில் கூட்டம் ஏறியது, கிளாஸ் இல்லை. வாங்கவும் வழியில்லை, வன்னிக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை. மாமா ஜாம் போத்தல்களைக் கழுவி அடுக்கினார். எந்தப் போத்தல் எவருக்கு என்று பார்க்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. ஆணி மட்டும் சுவரில் கனகாலம் இருந்தது.

சீனியும் இல்லாத காலம். பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு சாயத்தண்ணி குடிப்போம். பற்றரிக்கும் தடை என்பதால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவிலிருந்து வயர் இழுத்து கசற் றேடியோவுக்குக் கொடுத்திருந்தோம். பெடலைச் சுற்றுவது என் வேலை, எனக்கு அப்போது பத்து வயது. ஒருநாள் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் ஓடுகிறது. 1975இல் காலமான மனுசன் கடைக்குள் வந்திருந்து வாசிக்கிற மாதிரி எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். எனக்குக் கை உளைந்து வேகம் குறைந்தது. கூட வாசித்த நாதஸ்வரம் அப்படியே கீழே வழுக்கியது. மூலையில் இருந்த ஒரு கிழவர் கத்தினார்: “டேய் தம்பி, சுருதி இறங்குது, சுத்தடா!” சுருதி என்ற சொல்லுக்கு அர்த்தம் நான் படித்தது அந்தப் பெடலில்தான்.

2002இல், போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணம்–கண்டி ஏ9 பாதை திறந்தது. சீனி வந்தது, ஐஸ்கிறீம் வந்தது, கீபோட்டோடு இசைக்குழுக்களும் வந்தன. மேளகாரருக்கு அந்தப் பெட்டியைக் கண்ணிலே காட்டக்கூடாது. இசைக்குழுப் பெடியள் கொத்துரொட்டி கேட்டதால் மாமா கல் ஒன்று வாங்கிப் போட்டார். அந்தக் கொத்து பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

2008 கடைசியில் போரால் ஊரோடு இடம்பெயர்ந்தோம். கொத்துக்கல், போயிலர், வாங்கு எல்லாம் போயிற்று. கடன் கொப்பியை மட்டும் மாமா சறத்து மடிக்குள் வைத்துக்கொண்டு பல இடம் கொண்டு திரிந்தார்; கடைசியில் அதுவும் தொலைந்தது. முகாமிலிருந்து திரும்பி, தறப்பாளின் கீழே கடையைத் திரும்பத் தொடங்கியபோது பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் வரவில்லை, வரவும் மாட்டார்கள். வந்தவர்களிடம் மாமா எதுவும் கேட்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து அவரவரே தங்கள் கணக்கைச் சொன்னார்கள்: ஒருவர் நாற்பது ரூபா என்றார், இன்னொருவர் நூற்றிருபது இருக்கும் என்றார். ஒரு தவில்காரர் மட்டும், “எனக்கும் உமக்கும் கணக்கே இல்லையே” என்று சிரித்தார்.

கொப்பி இல்லாமலே மாமாவுக்கு மனப்பாடமாக இருந்தது அந்தத் தவில்காரருடைய கணக்கு ஒன்றுதான்.