வாசகர் கேள்வி–பதில்: பாலித் தீவின் தலைமடையும் கடைமடையும்

கேள்வி: இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குக் குழுவாகச் செல்லவிருக்கிறோம். அங்குள்ள இந்துக் கோயில்கள் நம் மீனாட்சியம்மன் கோயிலைப் போல இருக்குமா?
— வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: அந்த எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றமே மிஞ்சும். பாலியில் 'புரா' எனப்படும் கோயில், கூரையில்லாத மதில் சூழ்ந்த முற்றங்களால் ஆனது. கருவறையும் இருட்டும் மூலவரும் அங்கே இல்லை. திருவிழாவின்போது தெய்வங்கள் வந்து அமர்வதாக நம்பப்படும் பீடங்கள் மற்ற நாள்களில் வெறுமையாகவே இருக்கும். கோபுரத்தின் இடத்தில், பனைநார் வேய்ந்த கூரைகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கடுக்காக உயரும் 'மேரு'வைக் காணலாம். அடுக்குகள் 11 வரை போகும். வழிபட வராத பயணிகளைப் பெரும்பாலும் உள்முற்றத்துக்குள் விடுவதில்லை. இடுப்பில் சாரம் என்னும் கைலியும் அதன்மேல் ஒரு கச்சையும் கட்டாயம். அகுங் எரிமலைச் சரிவில் உள்ள பெசாகி கோயிலைத் தவறவிடாதீர்கள். 1963இல் அம்மலை வெடித்தபோது எரிமலைக் குழம்பு அக்கோயிலைத் தொடாமல் விலகிச் சென்றது.

கேள்வி: எந்த மாதத்தில் செல்லலாம்? சைவ உணவு கிடைக்குமா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. மார்ச் மாதவாக்கில், நம் பக்கத்து யுகாதியை ஒட்டி வரும் 'ஞெப்பி' என்னும் சக ஆண்டுப் பிறப்பன்று விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படும். பயணிகளும் விடுதியைவிட்டு வெளியே வர முடியாது. சோயாவில் செய்யும் டோஃபுவும் டெம்பேயும் எங்கும் கிடைக்கும். ஆனால், தொட்டுக்கொள்ளத் தரும் சம்பலில் இறால் விழுது கலந்திருப்பதுண்டு என்பதால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: அங்கே கோயிலே பாசனத் தண்ணீரைப் பங்கிடுகிறது என்கிறார்களே, உண்மையா? நான் பெரியாறு பாசனத்தில் கடைமடைக்காரன்.
— வாசகர், மேலூர்

பதில்: உண்மைதான். மதுரை மாவட்டத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பரப்புள்ள அந்தத் தீவில், ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் சேர்ந்து அமைக்கும் சங்கத்துக்குச் 'சுபக்' என்று பெயர். அதன் தலைவர் 'பெகாசே'. பல சுபக்குகளின் நடவு நாள்களை நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்கிறார்கள். அவற்றுள் தலைமையானது, பத்தூர் ஏரியின் தேவியான தேவி டானுவுக்கு எரிமலை விளிம்பில் அமைந்த உலுன் டானு பத்தூர் கோயில்.

வாய்க்காலின் தொடக்கத்தில் உள்ள தலைமடைக்காரர், கடைசியில் உள்ள கடைமடைக்கு ஏன் தண்ணீர் விட வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வியின் உட்பொருள் என நினைக்கிறேன். அருகருகே உள்ள வயல்கள் ஒரே சமயத்தில் அறுவடையாகித் தரிசாகக் கிடந்தால்தான் பூச்சிகள் இரையின்றி மடியும். கடைமடை தண்ணீரின்றிப் பிந்தி நட்டால், அங்கு பெருகும் பூச்சி தலைமடைப் பயிருக்கே வந்து சேரும். ஆகவே, பங்கிடுவது அவர்களுக்குத் தருமம் மட்டுமன்று, சொந்த லாபமும்கூட. 1970களில் பசுமைப் புரட்சியின் பெயரால் இம்முறையைக் கைவிட்டு இடைவிடாமல் நடச் சொன்னபோது, பூச்சித் தாக்குதலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் பெருகின. மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கின் ஆய்வு, கோயிலின் கணக்கே சரி என்று காட்டியது. வைகைக் கரையிலும், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சியின் சொல்லுக்கு மதிப்பிருந்த காலம் உண்டு என்பதால், இதில் நமக்கு வியப்பைவிடப் பொறாமைதான் மிகுதியாக வர வேண்டும்.

2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த சுபக் நிலப்பரப்புகளில், ஜாதிலுவி என்னும் ஊரின் படிக்கட்டு வயல்களும் அடங்கும். அங்கு வரப்பில் நடந்தே பார்க்கலாம். தெற்கே கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இத்தகைய வயல்கள் பல, விடுதிகளாகிவிட்டன.