நோட்புக் சர்வரை நானே சோதிக்கலாமா?

கேள்வி: சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லித் தருகிறேன், சார். தொண்டூழியம்தான். பிள்ளைகள் பிரவுசரிலேயே ‘நோட்புக்’ என்ற பக்கத்தில் பைத்தான் எழுதி ஓட்ட, கிளவுடில் ஒரு ஜூப்பிட்டர்ஹப் சர்வர் போட்டு ஆளுக்கொரு கணக்கு கொடுத்திருக்கிறோம். போன வகுப்பில் ஒரு பையன் பக்கத்துப் பிள்ளையின் நோட்புக்கைத் தன் திரையில் திறந்து காட்டினான்! அமைத்துக் கொடுத்த நண்பரோ, “பாஸ்வேர்டு இருக்கு, பயப்படாதீங்க” என்கிறார். நானே சோதித்துப் பார்க்கலாமா?
– ஓர் ஆசிரியை, ஈசூன்

பதில்: அந்தப் பையனைத் திட்டிவிடாதீர்கள், டீச்சர். உங்கள் நண்பர் பார்க்காததை அவன் பார்த்திருக்கிறான்.

பாஸ்வேர்டு வாசலை மட்டும்தான் காக்கும். உள்ளே வந்தவர் எழுதுவதை ஓட்டிக் காட்டுவதே நோட்புக் சர்வரின் வேலை. போதாக்குறைக்கு, சர்வருக்கு நேரடியாகக் கட்டளை தட்டும் டெர்மினலும் உண்டு. அதனால் வெளியே நின்று ஓட்டை தேடும் ஸ்கேனர் மென்பொருளை விடுவதைவிட, ஒரு மாணவராக உள்ளே போய்ப் பார்ப்பதுதான் உருப்படியான சோதனை.

ஆனால் முதலில் அனுமதி. சர்வர் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்தால், முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது நம் சிங்கப்பூரின் கணினி முறைகேட்டுச் சட்டம். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அனுமதி வந்ததும் சாதாரண மாணவர் கணக்கு இரண்டு உண்டாக்கச் சொல்லுங்கள். ஒன்றில் நுழைந்து டெர்மினலைத் திறந்து, எல்லார் கோப்புறைகளும் இருக்கும் ஹோம் கோப்புறையை ‘ls -l /home’ என்று தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் பத்து எழுத்து வரும். கடைசி மூன்று மற்றவர்களுக்கு உள்ள உரிமை, அவை வெறும் கோடாக இருக்க வேண்டும். அங்கே ஆர் (r, பார்க்கலாம்), எக்ஸ் (x, உள்ளே போகலாம்) தெரிந்தால் எல்லாருக்கும் எல்லாம் திறந்த வீடு. பையன் வந்த வழி பெரும்பாலும் இதுதான். சர்வர்களில் பலரும் போடும் இயங்குதளமான உபுண்டுவில், 21.04 பதிப்புக்கு முன் புதுக் கணக்குகளின் கோப்புறை 755 (மற்றவரும் திறக்கலாம்) என்றே பிறந்தது, 21.04 முதல்தான் 750 (மற்றவர் திறக்க முடியாது) ஆனது. நண்பரிடம் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

அடுத்து, இல்லாத ஒரு பெயரையும் வாய்க்கு வந்த பாஸ்வேர்டையும் போட்டு நுழையப் பாருங்கள். விட்டுவிட்டால், நுழைபவரைச் சரிபார்க்கும் பகுதியான அத்தென்டிகேட்டரில், யாரையும் உள்ளே விடும் ஒத்திகை வகையான ‘டம்மி’யை நண்பர் மாற்றாமலே விட்டிருக்கலாம். இன்னொரு வகை அத்தென்டிகேட்டரில், ஒரு பெயரில் முதலில் நுழைபவர் வைப்பதே அந்தப் பெயரின் பாஸ்வேர்டு. வகுப்புக்கு வராத பிள்ளையின் பெயரில் இன்னொருவர் முந்திக்கொள்ளலாம்.

பலரும் மறப்பது, சர்வர் தன் விவரங்களையும் சாவிகளையும் கேட்டு வாங்கும் கிளவுடின் உள்முகவரி, 169.254.169.254. நோட்புக்கிலிருந்தே அதை அழைத்துப் பாருங்கள். எந்தப் பதிலும் வராமல் நேரம் முடிந்து நின்றால் நிம்மதி. ‘அனுமதி இல்லை’ என்று பொருள்படும் 401 எண்ணோடு மறுத்தாலும் வழி திறந்திருக்கிறது என்றுதான் பொருள். சர்வருக்குக் கிளவுட் சாவி கொடுத்திருந்தால் அது அந்த வழியாக வெளியே போகும். பில் உங்கள் நண்பருக்கு வரும்.

சர்வரின் முகவரி, போக்குவரத்தைப் பூட்டி அனுப்பும் ‘https’ என்று தொடங்குகிறதா, ஆளுக்கு இவ்வளவு நினைவகம் என்று வரம்பு உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் வகுப்பு நேரத்தில் செய்யாதீர்கள். கண்டதை ஸ்கிரீன்ஷாட்டோடு நண்பருக்கு மட்டும் அனுப்புங்கள், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். வேலை முடிந்ததும் அந்த இரண்டு கணக்கையும் அன்றே நீக்கச் சொல்லுங்கள்.