எலும்புக்கு விகுதி கிடையாது

கேள்வி: ஆதிகாலத்தில் ஆண் வேட்டைக்குப் போனான், பெண் குகையில் பிள்ளை வளர்த்தாள். ஆண், பெண் ஏற்றத்தாழ்வு பரிணாமம் தந்ததுதானே? அதை ஏன் மாற்றப் பார்க்கிறீர்கள்?

பதில்: 'போனான்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அந்த 'ஆன்' விகுதி எங்கிருந்து வந்தது? எலும்புக்கு விகுதி கிடையாது. தோண்டி எடுப்பவர்தான் அதை ஒட்டவைக்கிறார்.

சுவீடனின் பிர்கா என்னும் இடத்தில் 1878இல் ஒரு வைக்கிங் கல்லறையைத் திறந்தார்கள். வைக்கிங்குகள் வட ஐரோப்பாவின் பழைய கடலோடிகள். உள்ளே வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரண்டு குதிரைகள். உடனே 'வீரன்' என்று எழுதிவிட்டார்கள். 2017இல் மரபணுவைச் சோதித்தபோது அது ஒரு பெண்ணின் உடல் என்று உறுதியானது. அதன் பிறகுதான், 'இந்த ஆயுதங்கள் உண்மையில் இவருடையவைதானா?' என்று அறிஞர்கள் சந்தேகப்பட்டார்கள். ஆண் என்று நம்பியிருந்த காலம் முழுவதும் அந்தச் சந்தேகம் யாருக்கும் வரவில்லை! எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் மலைப்பகுதியிலும் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இளம்பெண், வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டிருக்கிறார். 2020இல் அறிவித்தார்கள்.

உடல் வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. கருவைச் சுமப்பவர் பெண். சராசரியில் தோள்வலிமை ஆணுக்கு அதிகம். ஆனால் அந்த வலிமைக்கு என்ன விலை என்பதைக் கருவிகள் தீர்மானித்தன. மண்வெட்டியால் கொத்திப் பயிரிட்ட சமூகங்களில் பெண்கள் வயலில் பெரும்பங்கு உழைத்தார்கள். மாடு பூட்டிய ஏர் வந்த இடங்களில் வயல் ஆணின் கைக்குப் போனது என்று டென்மார்க்கின் பொருளியலாளர் எஸ்டர் போஸ்ரப் 1970இல் எழுதினார். 2013இல் மூன்று பொருளியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஏர் உழுத முன்னோரின் வழிவந்தவர்களிடையே இன்றும் வேலைக்குப் போகும் பெண்கள் குறைவு. வேறு நாட்டில் குடியேறியவர்களின் பிள்ளைகளிடமும் அப்படியே. கலப்பையைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள் அவர்கள்! கலப்பை போயிற்று, அது போட்ட சால் மனத்தில் கிடக்கிறது. இதைப் பரிணாமத்தின் கணக்கில் எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

பாடநூல் ஓவியர்களோடு எனக்குள்ள பழைய சண்டையை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். கற்காலம் என்றாலே ஆண் கையில் ஈட்டி, பெண் மடியில் குழந்தை. பத்து வயதில் மனத்தில் பதிந்த அந்தப் படத்தைத்தான் நீங்கள் பரிணாமம் என்கிறீர்கள். பெருவின் அந்த இளம்பெண்ணை யாராவது வரைந்து அனுப்புங்கள், அட்டையிலேயே போடுகிறேன்.