ஒரு பக்க இமை மட்டும் இறங்கியிருக்கிறது. நுரையீரல் புற்றுநோயாக இருக்குமா?

பெரும்பாலும் இல்லை, வயதானால் இமையைத் தூக்கும் தசைநார் தளர்ந்தே இறங்கும். ஆனால் அதே கண்ணின் கண்மணியும் (நடுவில் உள்ள கரும்புள்ளி) சிறுத்திருந்தால் விஷயம் வேறு. அது ஹார்னர் சிண்ட்ரோமாக இருக்கலாம், அதாவது கண்ணுக்கு வரும் பரிவு நரம்பு வழியில் எங்கோ பழுதாகியிருக்கலாம்.

கண்மணியை விரிக்கும் பரிவு நரம்பு மூளையிலிருந்து நேராகக் கண்ணுக்கு வருவதில்லை. தண்டுவடம் வழியாக மார்பு வரை இறங்கி, நுரையீரலின் உச்சியை ஒட்டிச் சென்று, கழுத்துத் தமனியோடு மறுபடி மேலேறுகிறது. அந்த உச்சியில் வளரும் நுரையீரல் புற்றுநோயான பான்கோஸ்ட் கட்டி நரம்பை அங்கேயே நசுக்கிவிடும். இருமல் இல்லாமலும் இருக்கலாம். தோள்வலிதான், கையின் உட்பக்கமாகச் சுண்டுவிரல் வரை ஓடும். கழுத்தெலும்புத் தேய்மானம் என்று மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவது இங்கேதான் நடக்கிறது.

இமை 1–2 மி.மீ.தான் இறங்கும், பழைய போட்டோவோடு ஒப்பிட்டால் தெரியும். விளக்கைக் குறைத்துப் பாருங்கள்: நல்ல கண்ணின் கண்மணி சட்டென்று விரியும், மற்றது பல விநாடி இழுக்கும்.

மார்பு எக்ஸ்ரே நார்மல் என்றால் நம்பிவிடாதீர்கள். காறை எலும்பும் முதல் விலாவும் உச்சியை மறைத்துவிடும், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். கழுத்துவலியோடு திடீரென வந்தால் கழுத்துத் தமனி கிழிந்திருக்கலாம், பக்கவாதம் வரக்கூடும். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.