பச்சைச்சிட்டும் கூண்டும்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் கல்யாண முருங்கை பூத்திருக்கிறது. கரிச்சான் குரல் கேட்டு எட்டிப் பார்த்தால், கத்தியது ஒரு சிறிய பச்சைப் பறவை. பச்சைச்சிட்டு என்றார்கள். அது சின்னான் (கொண்டைக்குருவி) குடும்பமா? படமெடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்? ஒன்றைப் பிடித்துக் கூண்டில் வளர்த்தால் பிள்ளைகள் தினமும் பாட்டுக் கேட்கலாமே என்கிறார் நண்பர். செய்யலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கேமராவைக் கடைக்காரரிடம் கேளுங்கள். சின்னான் குடும்பம் அல்ல. ஒரு காலத்தில் மாம்பழச்சிட்டோடு சேர்த்திருந்தார்கள், இன்று இந்தியா முதல் பிலிப்பைன்ஸ் வரை வாழும் ஏறத்தாழ ஒரு டஜன் இனங்கள் கொண்ட தனிக் குடும்பம். உங்கள் நண்பரின் யோசனைதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. சில வாரங்களாக மனத்தில் கிடந்து உறுத்துவதும் அதுவே.

ஆனைமலை அடிவாரத்தில் ஒருமுறை வைரி என்னும் சிறு வேட்டைப் பறவையின் குரல் கேட்டு அண்ணாந்தேன். வைரி இல்லை. புல்லுருவிப் பூக்கொத்தில் தலைகீழாகத் தொங்கித் தேன் உறிஞ்சிக்கொண்டிருந்த பச்சைச்சிட்டு, கறுத்த தொண்டையோரம் நீல மீசைக் கீற்று மின்ன, வைரியை விட்டுக் கரிச்சானுக்கும் பிறகு சின்னானுக்கும் மாறி, நடுநடுவே தன் சொந்தப் பாட்டையும் கோத்துக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துப் பறவைகள் அத்தனையும் அந்தத் தொண்டையில் குடியிருந்தன. அதைக் கூண்டில் அடைத்தால் பிள்ளைகள் எதைக் கேட்பார்கள்? தெருவின் ஹாரனையா?

இந்தோனேசியாவில் இதே ஆசை பெரும் வணிகமாகிவிட்டது. பறவைப் பாட்டுப் போட்டிகளுக்காகப் பச்சைச்சிட்டுகளைக் காட்டில் பிடித்துக் கூண்டில் அடைக்கிறார்கள். காட்டில் தானாகக் கற்றிருக்கக்கூடிய குரல்களை, பக்கத்தில் வேறு கூண்டுப் பறவைகளை வைத்தும் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டும் பழக்குகிறார்கள். பாட்டை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே பாடுபவற்றைக் காட்டிலிருந்து துடைத்தெடுக்கிறார்கள். அந்தக் குடும்பத்திலேயே பெரிய உருவம் கொண்ட பச்சைச்சிட்டு, முதன்மையாக இந்தப் பிடிப்பால்தான் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனமாகியிருக்கிறது. இதை நேசம் என்று எப்படி ஐயா சொல்வது? இன்னொன்றும் கேளுங்கள்: கையில் பிடித்தால் பச்சைச்சிட்டின் உடல் இறகுகள் கொத்தாக உதிரும். தப்பிப்பதற்காக அமைந்த உடல் அது.

நம் நாட்டில் காட்டுப் பறவையைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள். நீங்கள் கெட்ட மனிதர் அல்லர். கரிச்சான் குரலில் ஏமாந்தும் விடாமல் தேடிப் பார்த்தவர். அதனால்தான் உரிமையோடு திட்டுகிறேன். பூ உதிரும் முன்பே பிள்ளைகளைக் காலையில் மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். கிளையில் புல்லுருவி இருந்தால் யாரையும் வெட்ட விடாதீர்கள்.